கன்னத்தில் பொட்டு வைத்த குருவி

இது சற்று நீண்ட கட்டுரை. ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வரைந்த படத்திற்கு நான் மதிப்பெண் குறைத்ததிலிருந்து இது தொடங்குகிறது.

‘எனக்குப் பிடித்த பறவை’ என்னும் தலைப்பில் ஒரு படம் வரைந்து, அதன் கீழே ஐந்து வாக்கியங்கள் எழுதுமாறு கூறியிருந்தேன். அவன் சிட்டுக்குருவியை வரைந்திருந்தான். தலையுச்சி முழுவதும் காப்பித்தூள் நிறம். வெள்ளைக் கன்னத்தின் நடுவே ஒரு கரிய பொட்டு. ஆண், பெண் என இரண்டு குருவிகளை வரைந்து இரண்டிற்கும் ஒரே வண்ணத்தைத் தீட்டியிருந்தான். என் மேசையில் தமிழ்நாட்டில் அச்சான சிறுவர் பறவை நூல் ஒன்று இருந்தது. அதில் ஆண் குருவிக்குத் தலையுச்சி சாம்பல் நிறம். தொண்டையும் மார்பும் கறுப்பு. பெண்ணுக்கோ உடல் முழுவதும் வெளிறிய தவிட்டு நிறம். “ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறம். கவனித்து வரைக” என்று சிவப்பு மையால் எழுதினேன். ‘கவனித்து’ என்ற சொல்லை எழுதியவள் நானே என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. “எங்க வீட்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. பின்கதவைத் திறந்து படியில் அமர்ந்தேன். எங்கள் வீடு ஜொகூரில் ஒரு தாமானின் கடைசி வரிசையில் உள்ள முனை வீடு. பின்புறம் ஒரு கொய்யா மரம், கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, வேலியோரம் காகிதப்பூச் செடி. வேலிக்கு அப்பால் வீடு கட்டப்படாத நிலத்துண்டு ஒன்றில் புல் ஆளுயரத்திற்கு வளர்ந்து கிடக்கிறது. (‘வீட்டுத் தோட்டம்’ என்று எழுதச் சிறிது தயக்கம். நம் நாட்டுத் தமிழருக்குத் தோட்டம் என்றால் லயமும் பால்மரமுமே நினைவுக்கு வரும்! ஆகவே கொல்லை என்றே எழுதுகிறேன்.) அம்மா முதல்நாள் மீந்த சோற்றைச் சிமெண்டுத் தரையில் இறைத்தார். ஏழெட்டுக் குருவிகள் இறங்கின. எல்லாவற்றிற்கும் காப்பித்தூள் நிறத் தலை. எல்லாவற்றின் கன்னத்திலும் கரும்பொட்டு. ஆண் எது, பெண் எது என்று என்னால் கூற இயலவில்லை. இருபது ஆண்டுகளாக நான் துணி உலர்த்தும் கொல்லை அது. ஒரு நாளும் பார்த்ததில்லை.

மாணவன் வரைந்தது சரி. நூலில் இருந்ததும் சரி. இரண்டும் வெவ்வேறு பறவைகள். தமிழ்நாட்டு வீடுகளின் கூரையில் கூடு கட்டும் சிட்டுக்குருவி ஒன்று. மலேசிய நகரங்களில் நாம் நாள்தோறும் காண்பது அதன் உறவான மரச்சிட்டு. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டார். ஐரோப்பாவில் வீட்டுக்குருவி ஊருக்குள்ளும் மரச்சிட்டு வயல்வெளி மரங்களிலும் வாழ்கின்றன. வீட்டுக்குருவி பெரும்பாலும் இல்லாத சீனா, ஜப்பான், மலாயா போன்ற நாடுகளில் மரச்சிட்டே ஊருக்குள் நுழைந்து, ஓட்டு இடுக்குகளிலும் கடைவீட்டு மாடங்களிலும் குடியேறிவிட்டது. 1958ஆம் ஆண்டில் சீனாவில் ‘நான்கு தீமைகளை ஒழிப்போம்’ என்ற இயக்கத்தில் மக்கள் தட்டுகளைத் தட்டி ஓசையெழுப்பி, உட்கார விடாமல் விரட்டி விரட்டிக் கொன்றது இந்தக் குருவியைத்தான். தானியத்தைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. அது பூச்சிகளையும் தின்றது என்பது பிறகே உறைத்தது. 1960ஆம் ஆண்டில் குருவியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

குறுந்தொகையில் வீட்டில் உறையும் குருவியைப் பற்றிய ஒரு பாட்டு உண்டு. அக்குருவி முற்றத்தில் தானியம் கொத்துவதும், புழுதியில் குடைந்து ஆடுவதும், குஞ்சுகளோடு இறப்பில் ஒடுங்குவதும் அதில் வருகின்றன. அது தமிழ்நாட்டுச் சிட்டுக்குருவி. நம் பாட்டன்மார் கப்பலேறி இங்கு வந்தபோது பெயரை மட்டும் கொண்டு வந்தார்கள். இங்கே முற்றத்தில் வேறொரு குருவி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தவறொன்றும் இல்லை. ஆனால் நூலைப் பார்த்து மாணவனைத் திருத்துகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். நான் அறியவில்லை.

அன்று முதல் ஒரு குறிப்பேட்டில், கொல்லைக்கு வரும் பறவைகளின் பெயரையும் அவை எங்கிருந்து வந்தவை என்பதையும் எழுதத் தொடங்கினேன். யார் இந்த மண்ணில் முன்பே இருந்தவர், யார் வந்தேறி என்று பிரித்தெழுதுவது என் எண்ணம். (‘வந்தேறி’ என்பது நம் செவிக்குப் பழகிய சொல்தான், நம்மை நோக்கியும் அவ்வப்போது வீசப்படுவதுதான்.) எழுத எழுத அந்தப் பிரிவினை நான் எண்ணியது போல் எளிதாக இருக்கவில்லை.

காகத்தையே எடுத்துக்கொள்வோம். கழுத்தில் சாம்பல் நிறம் கொண்ட வீட்டுக்காகம் இந்நாட்டுப் பறவையன்று. கடலோரங்களில் வாழும் பெரிய, முழுக் கறுப்புக் காகமே இங்கு முன்பிருந்து உள்ளது. இலங்கையில் 1869ஆம் ஆண்டு காப்பிச் செடிகளைத் தாக்கத் தொடங்கிய இலைத்துரு நோய், சில ஆண்டுகளில் அந்த நாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. பல துரைமார்கள் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் காப்பி பயிரிட்டார்கள். இங்கே இலை தின்னும் புழுக்கள் பெருகின. அவற்றைத் தின்று தீர்க்கட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளான் பகுதியில் விட்டார்கள். காப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காகம் மட்டும் தங்கிவிட்டது.

இதைப் படித்தபோது சிறிது நேரம் நூலை மூடிவைத்தேன். அதே காலத்தில், அதே துரைமார்களின் தேவைக்காக, அதே கடல் வழியாகத்தான் நம்மவர்களும் வந்தார்கள். களை பிடுங்க மனிதர், புழு பிடிக்கக் காகம்! அமாவாசைதோறும் அம்மா முதற்பிடிச் சோற்றை மதில் மேல் வைத்துக் காகத்தை அழைக்கும்போது, அழைக்கப்படுவது ஒரு வகையில் நம் பாட்டனோடு வந்த உறவுதான். பின்னாளில் தொல்லை பெருகியதால் கிள்ளானில் நகராண்மைக் கழகமே காகம் சுடும் போட்டிகளை நடத்திப் பரிசு கொடுத்தது. அச்செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, “கொண்டாந்தவன் யாரு, சுடுறவன் யாரு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காகம் பெருகியதால் குயிலுக்கு வாழ்வு வந்தது. தென் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முன்பு பெரும்பாலும் வலசை வரும் பறவையாக இருந்த குயில், 1980களுக்குப் பின் காகத்தின் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே பெருகிவிட்டது. இப்போது விடியற்காலையில் அது போடும் கூச்சலைப் பற்றித் தாமானில் முறையிடாதவர் இல்லை. இலக்கியத்தில் மட்டும் குயிலைக் கேட்டவர்களுக்கு அதன் உண்மையான ஒலியளவு தெரியாது போலும்.

மைனாவின் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கண்ணோரம் மஞ்சள் திட்டுள்ள பழுப்பு மைனா, காடு அழிந்து வெளிநிலம் பெருகப் பெருக வடக்கிலிருந்து தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி நகர்ந்து, 1936ஆம் ஆண்டில் சிங்கப்பூரை எட்டியது. கறுத்த உடலும் நெற்றியில் சிறு கொண்டையும் கொண்ட சாவக மைனாவோ எதிர்த்திசையில் வந்தது. கூண்டுப் பறவையாகச் சாவகத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழ 1925ஆம் ஆண்டில் அங்கே வெளியில் பெருகத் தொடங்கியது. ஜொகூர் பாலம் திறக்கப்பட்டது 1924ஆம் ஆண்டில் என்பதை நினைவிற்கொள்க. (பறவைக்குப் பாலம் தேவையில்லைதான், இருந்தாலும் எனக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.) வடக்கிலிருந்து வந்ததும் தெற்கிலிருந்து வந்ததும் இன்று எங்கள் கொல்லையில் ஒரே சோற்றுப் பருக்கைக்குச் சண்டையிடுகின்றன. பெரும்பாலும் கறுப்புதான் வெல்கிறது.

இனி நான் மிகுதியாக எழுத விரும்பும் பறவைக்கு வருகிறேன்.

வேலிக்கு அப்பால் உள்ள புல் கதிர் விடும்போது, கட்டைவிரல் அளவுள்ள சிறு பறவைகள் கூட்டமாக வரும். ஒரு புல்தாளில் மூன்று நான்கு ஏறி உட்காரும். தாள் வளைந்து தரையைத் தொடும். அவை பற்றிய பிடியை விடாமல் விதையை உருவித் தின்னும். இவற்றைத் தமிழ்ப் பறவை நூல்கள் சில்லை என்கின்றன. தினைக்குருவி என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் முனியா என்பர். அது இந்திச் சொல்லிலிருந்து போனது. மலாய் மொழியில் பிப்பிட். எங்கள் கொல்லைக்கு மூன்று வகை வருகின்றன. மார்பில் மீன் செதில் போன்ற கோலமுடையது புள்ளிச்சில்லை. தலை கறுத்து உடல் செம்பழுப்பாக இருப்பது ஒன்று. தலை முழுவதும் வெளுத்து, நரைத்த கிழவரைப் போலத் தோன்றுவது மற்றொன்று. இந்த மூன்றாவதை மலாய்க்காரர்கள் ‘பிப்பிட் உபான்’ என்று அழைக்கிறார்கள். உபான் என்றால் நரைமுடி. எவ்வளவு பொருத்தமான பெயர்!

அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் எவையும் தெரியாது. ஒருநாள் அவரிடம் கேட்டேன். புள்ளிச்சில்லையைக் காட்டி, “இது நெல்லுக்குருவி” என்றார். வெண்தலையுள்ளதைக் காட்டி, “அது வெள்ளந்தலை. தோட்டத்துல லாலாங் பக்கம் நெறைய வரும்” என்றார். நான் வியந்தேன். அம்மா பிறந்து வளர்ந்தது ஜொகூர் ரப்பர் தோட்டத்தில். அங்கே நெல் ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரமும் புல்லும்தான். நெல்வயலையே பார்க்காத பெண்ணுக்கு இந்தப் பறவை எப்படி நெல்லுக்குருவி ஆயிற்று? விடை எளிது. பாட்டி திருச்சி மாவட்டத்திலிருந்து வந்தவர். புள்ளிச்சில்லை இந்தியாவிலும் உண்டு, இங்கும் உண்டு. சிட்டுக்குருவிக்கு நேர்ந்தது போல் வேற்றுப் பறவையின் மேல் பழைய பெயர் ஒட்டவில்லை. அதே பறவையைப் பாட்டி இங்கே மீண்டும் சந்தித்திருக்கிறார். கப்பலிலிருந்து இறங்கி, முன்பின் அறியாத காட்டின் நடுவே நின்ற ஒரு பெண், புல்தாளில் தொங்கும் குருவியைப் பார்த்து “அட, நெல்லுக்குருவி” என்று சொல்லியிருப்பார் அல்லவா? அவரை நான் கண்டதில்லை. என்னிடம் அவருடைய புகைப்படமும் இல்லை. இந்த ஒரு சொல் இருக்கிறது.

கறுத்த தலையுடைய சில்லையின் கதை இன்னும் சுவையானது. லின்னேயஸ் ஆசியாவில் கால் வைத்தவரல்லர். கப்பல்களில் வந்த பறவைகளையும் பிறர் வரைந்த படங்களையும் விவரங்களையும் கொண்டே கீழைநாட்டுப் பறவைகளுக்குப் பெயரிட்டார். 1766ஆம் ஆண்டில் வெளிவந்த நூற்பதிப்பில் கறுத்த தலை, வெள்ளை வயிறு, செம்பழுப்பு முதுகு கொண்ட ஒரு சில்லைக்கு ‘மலாக்கா’ என்று பெயரிட்டார். இன்றும் அறிவியலில் அதன் பெயர் ‘லோஞ்சுரா மலாக்கா’தான். ஆனால் அந்த வெள்ளை வயிற்றுப் பறவை மலாக்காவில் இயற்கையாக வாழ்வதில்லை! அது தமிழ்நாட்டின் நெல்வயல்களிலும் ஏரிக்கரை நாணல்களிலும், இலங்கையிலும் வாழ்வது. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ அதுவே பறவையின் ஊர் என்று அந்நாளில் எழுதிக்கொண்டார்கள் போலும். எங்கள் கொல்லைக்கு வருவதற்கு வயிறு வெள்ளையில்லை. செம்பழுப்பும் நடுவே கறுப்பும்தான். நெடுங்காலம் அதையும் ‘மலாக்கா’வின் ஒரு பிரிவாகவே கருதி, பின்னர்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். (இதே பறவை 1995ஆம் ஆண்டு வரை பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் பறவையாக இருந்தது. பின்பு அந்தப் பெருமை ஒரு கழுகுக்குப் போயிற்று.)

ஆக, தமிழ்நாட்டுப் பறவை ஒன்று மலாக்கா என்ற பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. மலாக்காவுக்கு வந்த தமிழரின் பிள்ளைகளோ அதைப் பார்த்ததே இல்லை. சிரிப்பதா, வேறென்ன செய்வதா என்று தெரியவில்லை.

லின்னேயஸ் அதே நூலில் இன்னொரு தவறும் செய்தார். நம் தூக்கணாங்குருவிக்குப் பிலிப்பைன்ஸின் பெயரை வைத்தார். அந்த நாட்டில் அது இயற்கையாக இல்லை. அவருக்குக் கிடைத்த விவரம் உண்மையில் இலங்கைப் பறவையைப் பற்றியது என்று பின்னர் முடிவு செய்தார்கள். தூக்கணாங்குருவியைத் தமிழாசிரியர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பனையில் தொங்கும் அதன் கூடு குறுந்தொகையில் உவமையாக வருகிறது. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறிக் கூட்டை இழந்த கதையை விவேக சிந்தாமணியிலிருந்து வகுப்பில் சொல்கிறோம். சொல்கிறோம், ஆனால் அந்தக் குருவி இங்கேயும் கூடு கட்டுகிறது என்பதைச் சொல்வதில்லை! ஜொகூரில் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும், நீர்நிலைக்கு அருகில் உள்ள தென்னையிலும் பார்க்கலாம். மலாய்ப் பெயர் தெம்புவா. “காரணம் இல்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டுமா?” என்று பொருள்படும் மலாய்ப் பழமொழியை உங்கள் பிள்ளைகள் தேசிய மொழிப் பாடத்தில் படித்திருப்பார்கள். கைக்கெட்டும் உயரத்தில் கூடு இருந்தால் அருகே குளவிக்கூடு இருக்கும் என்பது அதன் உட்கருத்து. பனை உயரத்தைப் பாடியவர்களும் தாழ்ந்த கூட்டைக் கண்டு எச்சரித்தவர்களும் ஒரே பறவையைத்தான் பார்த்திருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் ஒரு பறவையாகவும் மலாய் வகுப்பில் வேறொரு பறவையாகவும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரே கூட்டின் படத்தைக் காட்டி இரண்டையும் சொன்னால் என்ன?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காய்ந்த தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறது. புயலில் விழுந்தது, நாங்கள் பறித்ததன்று. ஆண் குருவி பாதிக் கூட்டைத் தொப்பி வடிவில் கட்டி நிறுத்திவிட்டுப் பெண் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் குழாய் போன்ற வாசல் வரை வேலை தொடரும். உள்ளே ஈரமண் அப்பியிருக்கும். அதில் மின்மினியை ஒட்டிவைத்துக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று ஊரில் சொல்வார்கள். மின்மினி என் கூட்டில் இல்லை. மண் இருக்கிறது. காற்றில் ஆடாமல் இருக்க எடை என்பது பறவை நூலார் பலரின் கருத்து.

சில்லைகளைப் பற்றிப் பேசும்போது ஜெலாத்திக்கை விட்டுவிட முடியாது. சாம்பல் உடலும், வெள்ளைக் கன்னமும், தடித்த சிவப்பு அலகும் கொண்ட அழகிய குருவி. சாவகமும் பாலியும் அதன் சொந்த ஊர். கூண்டில் வளர்ப்பதற்காக உலகம் முழுவதும் கொண்டுபோனார்கள். மலாயாவுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்து, தப்பியவை ஊர்களில் பெருகின. நெல்லைத் தின்பது என்று பொருள்படும் அறிவியல் பெயரையே பெற்ற அந்தப் பறவை, கூண்டு வணிகத்தாலேயே சொந்த ஊரில் அருகிவிட்டது. 1997ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. சில்லைகளையும் பிடித்து விற்கிறார்கள். புண்ணியம் தேடிப் பறவையை விடுவிப்போர் வாங்குவதற்காகவே அவற்றைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. விடுவிக்கப்படுவதற்காகச் சிறைப்படுவது!

அம்மாவின் பட்டியலில் மலாய்ப் பெயருள்ள பறவை ஒன்றே ஒன்றுதான்: பாராவ்-பாராவ். வைக்கோல் நிறத் தலையுடைய பெரிய கொண்டைக்குருவி வகை. தோட்டத்து ஆற்றோரத்தில் விடியற்காலையில் சோடியாகப் பாடும் என்றார். அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டேன். “நம்ம ஊருல அது இல்லல்ல, அப்புறம் பேரு எப்படி வரும்” என்றார். சரிதான். குரலுக்காகவே பிடிக்கப்பட்டு அது தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துவிட்டது. 2018ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அதை அறிவித்தார்கள். இன்று அதைக் கேட்க வேண்டுமானால் ஜொகூர் நீரிணைக்கு அப்பால், நம் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் சிங்கப்பூரின் உபின் தீவுக்குப் போக வேண்டும். சில கிலோமீட்டர் தூரம்தான்; ஆனால் கடப்பிதழ் தேவை.

இந்தப் பறவைகளைப் பற்றி எழுதியவர்கள் யார் என்று தேடினேன். ராபின்சனும் குளோசும் தொடங்கிய ‘மலாய்த் தீபகற்பப் பறவைகள்’ என்னும் பெருநூலின் முதற்பகுதி 1927ஆம் ஆண்டில் வந்தது. அடுத்து அதைத் தொடர்ந்த சேசன் 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து தப்பிச் செல்லும்போது கடலில் மாண்டார். எஞ்சிய ஐந்தாம் பகுதி 1976ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. எளிய வாசகர்களுக்கான முதல் கையேடுகளுள் ஒன்றை எழுதியவர் கை மேடக் என்னும் காவல்துறை அதிகாரி. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது, நினைவிலிருந்தும் உடனிருந்தோர் உதவியுடனும் அதை எழுதினார். 1947ஆம் ஆண்டில் அது நூலாயிற்று. பசியில் வாடிய மனிதர் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க மதிப்பு மிகுகிறது.

அதே 1942, 1943ஆம் ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். காடறிந்தவர்கள், விடியுமுன் மரம் வெட்டப் போனவர்கள், எந்தப் பறவை எப்போது கத்தும் என்று அறிந்தவர்கள். அவர்களிடம் தாளும் இல்லை, எழுத்தும் இல்லை. பலர் திரும்பவே இல்லை. மேடக்கின் நூலில் மலாய்ப் பெயர்களைத் தேடலாம். தோட்டத் தமிழர் அந்தப் பறவைகளை என்னவென்று அழைத்தார்கள் என்பதை எதில் தேடுவது? தமிழகத்தில் பி. எல். சாமி சங்க இலக்கியப் பறவைகளை ஆராய்ந்தார், க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டினார். அவை அந்த மண்ணின் பெயர்கள். ‘வெள்ளந்தலை’யை நான் எந்த நூலிலும் காணவில்லை. எங்கள் அம்மா வாயில்தான் கேட்டேன். அவருக்கு எண்பது வயதாகப் போகிறது.

அம்மாவோடு படியில் அமரும்போது ஒரு வேடிக்கையும் நடக்கும். “அப்பல்லாம் ஆறரைக்கே குருவி வந்துரும், இப்ப ஏழு ஆகுது” என்பார். குருவி சோம்பேறியாகிவிட்டதென்று நானும் நினைத்தேன். பிறகுதான் 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியது நினைவுக்கு வந்தது. குருவி மாறவில்லை; நாம்தான் கடிகாரத்தை மாற்றினோம்.

திங்கட்கிழமை அந்த மாணவனிடம் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். வகுப்பின் முன்னால், “இவன் பார்த்து வரைந்தான், நான் பார்க்காமல் திருத்தினேன்” என்று சொன்னேன். சொல்வதற்குச் சற்று கடினமாகத்தான் இருந்தது. “அப்போ புத்தகம் பொய்யா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகம் அந்த ஊர்க் குருவியைச் சொல்கிறது, இவன் இந்த ஊர்க் குருவியைச் சொல்கிறான் என்றேன். பின்னர் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். தாளில் மூன்று கட்டங்கள்: பறவையின் படம், மலாய்ப் பெயர், வீட்டில் பெரியவர்கள் சொன்ன பெயர்.

இருபத்தாறு தாள்கள் வந்தன. மூன்றாம் கட்டத்தில் ஒன்பது பேர் ‘சிட்டு’ என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேர் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு தாள்களில் நான் கேட்டறியாத பெயர்கள் இருந்தன. அந்தப் பாட்டிமாரைச் சென்று பார்க்க வேண்டும். எஞ்சியவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஒருத்தி மட்டும் காலியாக விட மனமின்றி, ‘பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டு எழுதுகிறேன்’ என்று எழுதியிருந்தாள்.

மூன்று வாரங்களுக்கு முன் ஆட்கள் வந்து வேலிக்கு அப்பால் இருந்த புல்லை இயந்திரத்தால் வெட்டிச் சென்றார்கள். அன்றே சில்லைகள் போய்விட்டன. மரச்சிட்டுகளும் மைனாக்களும் மட்டும் சோற்றுக்கு வருகின்றன. புல் மறுபடியும் கதிர் விட ஆறு வாரமாவது ஆகும் என்கிறார் அம்மா. இருந்தாலும் காலையில் குருணை அரிசியைத் தனியாக ஒரு சிரட்டையில் எடுத்துவைத்து வேலியோரம் கொண்டுபோய் வைக்கிறார். இன்று காலையும் வைத்தார்.